பிக்கப்புக்கு ஏடிஎஃப் கூலர்: மாப்ளைக்கு ஒரு கடிதம்

மாப்ள,

கடிதம் கிடைச்சது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல ரொம்ப சந்தோஷம். இங்க ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வெட்டு முடிஞ்சு வேக வெக்கிற வேலை ஓடிக்கிட்டிருக்கு.

உன் பிக்கப்புக்கு ஏடிஎஃப் கூலர், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை (ஏடிஎஃப்) ஆற வெக்கிற தனிக் கூலர், போடலாமான்னு கேட்டிருந்தே. அதுக்கு வர்றேன். உரமூட்டையை ஏத்திக்கிட்டு ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறுற ஆட்டோமேட்டிக் வண்டிக்கு அது தேவைதான். ஆனா அதுக்கு முந்தி எஞ்சின் ஆறினதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாரு. பல வண்டியில கியர்பாக்ஸ் ஆயில், ரேடியேட்டர் தொட்டிக்குள்ள இருக்கிற சின்னக் கூலர் வழியாத்தான் போய்ட்டு வருது. நம்ம ஊரு போர் தண்ணியை ஊத்தினா அது மேல உப்பு பத்தாப் படிஞ்சு, ஆயிலோட சூடு தண்ணிக்கு இறங்காது. அரிச்சு ஓட்டை விழுந்தா ஆயிலும் கூலன்ட்டும் கலந்து ரோஸ்மில்க் மாதிரி ஆயிரும். கியர்பாக்ஸுக்குள்ள கிளட்ச் தட்டுல ஒட்டியிருக்கிற லைனிங் ஊறி உரிஞ்சிரும். அப்படி இருந்தா முதல்ல ரேடியேட்டரை மாத்து. கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊத்து.

மலையில ஏன் சூடாகுதுன்னா, எஞ்சின் சுத்தலை ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கடத்துற டார்க் கன்வெர்ட்டர், மெதுவா ஏறும்போது லாக் ஆகாது. எஞ்சின் பக்கம் ஒரு வேகம், கியர்பாக்ஸ் பக்கம் ஒரு வேகம். நடுவுல வழுக்குற அந்த வித்தியாசம் அத்தனையும் ஆயில்ல சூடா இறங்குது. அந்த நேரம் பார்த்து வண்டி 20 கிலோமீட்டர் வேகத்துல பஸ்ஸுக்குப் பின்னாடி போகும். முன்னாடியிருந்து காத்தும் வராது. அதனால கூலரை எங்க வெக்கிறோம்ங்கறதுதான் முக்கியம். பம்பர் மூலையில இடம் இருக்குன்னு அங்க மாட்டினா, ஹைவேயில வேலை செய்யும், மலையில செய்யாது. ரேடியேட்டருக்கு முன்னாடி நிக்கிற ஏசி கன்டென்சருக்கும் முன்னாடி, ரேடியேட்டர் ஃபேன் இழுக்கிற பரப்புக்குள்ள வை. வேற வழியில்லாம மூலையில வெச்சா, சூடானா தானா ஓட வெக்கிற தெர்மோஸ்டாட் சுவிட்ச்சோட தனி ஃபேன் போட்டே ஆகணும்.

குழாயை வளைச்சு ஃபின் (மெல்லிசு தகடு) வெச்ச வகையை விட, தட்டு அடுக்கின பிளேட் கூலர் நல்லது. சுமார் 28 x 19 சென்டிமீட்டர் அளவு போதும். ரொம்பப் பெருசாப் போட்டா கன்டென்சருக்குப் போற காத்தை மறைச்சு ஏசியைக் கெடுக்கும். கன்டென்சர் ஃபின்னுக்குள்ள பிளாஸ்டிக் ஊசியைக் குத்தி மாட்டுற கிட் வரும். அது வேண்டாம். அதிர்வுல உரசி உரசி கன்டென்சரே ஓட்டையாயிரும். பட்டறையில இரும்புப் பட்டையை வளைச்சு, முன்னாடி குறுக்கால போற சட்டத்துல (கிராஸ்மெம்பர்) போல்ட் போடச் சொல்லு. நடுவுல ரப்பர் புஷ், கன்டென்சருக்கும் கூலருக்கும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. கூலரோட ஹோஸ் மாட்டுற வாய் மேல பார்த்தோ பக்கவாட்டுலயோ இருந்தா உள்ள காத்து தங்காது.

இணைப்பு ரிட்டர்ன் லைன்ல. ஆயில் ரேடியேட்டர்ல ஆறி, அப்புறம் புதுக் கூலர்ல ஆறி, கியர்பாக்ஸுக்குத் திரும்பணும். எது ரிட்டர்ன்னு கண்டுபிடிக்க, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி ரெண்டு லைனையும் தொட்டுப் பாரு. முதல்ல சூடாகுறது போற லைன், மத்தது ரிட்டர்ன்.

தனியாப் போடுற கூலரால கியர்பாக்ஸ் கெட்டதா நான் கேள்விப்படல மாப்ள, ஹோஸ் கழண்டுதான் கெடுது. கழண்டா ஆயில் மளமளன்னு கொட்டி, கொஞ்ச தூரத்துலயே கிளட்ச் கருகிரும். அதனால இங்க காசு பார்க்காதே. தண்ணி ஹோஸும் டீசல் ஹோஸும் ஆகாது. ஏடிஎஃப்புக்குன்னே வர்ற ஹோஸ் வாங்கு. லைன் விட்டம் பெரும்பாலும் 8 இல்லன்னா 10 மில்லி இருக்கும். திருச்செங்கோட்டுல போர்வெல் வண்டிக்கு ஹோஸ் அடிக்கிற கடையில நட்டோட கிரிம்ப் பண்ணி (மெஷின்ல அழுத்தி இறுக்கி) தந்தா கிளாம்ப்பை விட உறுதி. ஆனா அங்க கிடைக்கிற சாதா ஹைட்ராலிக் ஹோஸ் 100 டிகிரி வரைக்கும்தான் தாங்கும். இந்த லைன்ல அழுத்தம் கம்மி, சூடுதான் எதிரி; 150 டிகிரி தாங்குறதாக் கேட்டு வாங்கு. இரும்பு லைனை அறுத்தா நுனியில வளையம் எழுப்பாம ஹோஸை மாட்டவே மாட்டாதே. வழவழன்னு இருக்கிற குழாயில எந்தக் கிளாம்ப்பும் நிக்காது. டெஃப்லான் டேப்பும் வேண்டாம். துணுக்கு உள்ள போனா, கியர்பாக்ஸுக்குள்ள ஆயிலைப் பிரிச்சு விடுற வால்வ் பாடியில அடைச்சுக்கும்.

மாட்டினதும் அரை லிட்டர் வரைக்கும் ஆயில் கூடுதலாப் பிடிக்கும். மேனுவல்ல போட்ட அதே ஏடிஎஃப்தான், வேறதைக் கலக்காதே. டிப்ஸ்டிக் இல்லாத பாக்ஸ்னா, சமதளத்துல எஞ்சின் ஓடிக்கிட்டிருக்க, மேனுவல் சொல்ற சூட்டுல லெவல் பிளக்கைக் கழட்டிப் பார்க்கணும். கம்மியானா வழுக்கும், ஜாஸ்தியானா நுரைக்கும்.

வண்டி கம்ப்யூட்டர்ல சொருகிப் படிக்கிற ஓபிடி ரீடர் ஒண்ணும் வாங்கிக்கோ. பல வண்டியில ஆயில் சூட்டைக் காட்டும். 80ல இருந்து 95 டிகிரி வரைக்கும் சாதாரணம். 120ஐத் தாண்டினா ஓரங்கட்டு, ஆனா எஞ்சினை அணைக்காதே. நியூட்ரல்ல 1,200 ஆர்பிஎம் வெச்சு விட்டா ஆயில் கூலர் வழியா ஓடி ஆறும். ஏறும்போது கியரைக் கையால கீழ போட்டு ஆர்பிஎம்மை ஏத்தி வை, வழுக்கல் குறையும்.

லைன் விட்டத்தையும், கிரில்லுக்கும் கன்டென்சருக்கும் நடுவுல எத்தனை சென்டிமீட்டர் இருக்குன்னும் அளந்து எழுது. கூலர் அளவை அதை வெச்சு முடிவு பண்ணிக்கலாம்.

அன்புடன்,
உன் மாப்ள