மாயாற்றில் கைகொடுத்தவர்களுக்கு

மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறு கழுகுகளைப் பார்த்துவிட்டு நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தாச்சு. படம் போடுவதற்கு முன்னால் நன்றி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே நானாகச் செய்தது பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டது மட்டும்தான்.

கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகச் சேர்த்துக்கொண்ட வனத்துறையினருக்கு முதல் நன்றி. அப்புறம் கூட வந்த வேட்டைத்தடுப்புக் காவலர்கள், இரண்டு பேரும் இருளர்கள். முன்னால் போன அண்ணன் சட்டென்று கையை நீட்டி மறித்தார், எனக்கு ஒன்றும் புரியவில்லை, புதருக்கு அந்தப் பக்கம் யானை நிற்பதை வாசத்திலேயே பிடித்திருக்கிறார், வெகுதூரம் சுற்றித்தான் ஆற்றங்கரைக்கு இறங்கினோம். அங்கே ஒரு நீர்மருது, இலையெல்லாம் சுண்ணாம்பு தெளித்த மாதிரி எச்சம். "மேல பாருங்க சார்" என்றார். சுள்ளிக் கூட்டின் விளிம்பில் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு ஒரு வெண்முதுகுப் பாறு, அதன் காலடியில் குஞ்சின் தலை லேசாக ஆடுகிறது. பருவத்துக்கு ஒரே முட்டை இடுகிற பறவை, அந்தத் தலையைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது, படம் சுமார்தான். பாறை இடுக்கில் கூடு கட்டுகிற கருங்கழுத்துப் பாறு ஒன்றையும் அவரே கண்டுபிடித்துக் காட்டினார்.

தெங்குமரஹாடாவில் ஸ்கோப் நனையாமல் அக்கரை சேர்த்த பரிசல்காரருக்கும், சாப்பாடு போட்ட அக்காவுக்கும் நன்றி.

இன்னொரு கூட்டத்துக்குப் பெரிய நன்றி உண்டு. டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தை ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்றால் பாறுகளுக்குச் சிறுநீரகம் கெட்டு உயிர் போய்விடும். 2006ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள், மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள், அதனால் 2015ல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள், 2023ல் அதே மாதிரி வலி மருந்துகளான கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. சரி, சட்டம் காட்டுக்குள் வந்து காவல் நிற்குமா? மாட்டுக்கு வலி என்றால் பாறுகளுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகாம் மட்டும் போடுகிற கால்நடை மருத்துவர்கள், புலி அடித்த மாட்டின் மீது ஆத்திரத்தில் விஷம் தடவாமல் அப்படியே விட்டுவிடுகிற பட்டிக்காரர்கள், இவர்கள் இல்லாவிட்டால் நான் பார்க்க அங்கே என்ன இருந்திருக்கும்? மாட்டைப் பறிகொடுத்தவர் பொறுத்துப் போவது லேசான காரியமில்லை.

படங்கள் நாளைக்கு. கூடு எந்த இடம், எந்த மரம் என்று தனியாகக் கேட்காதீர்கள், எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் சொல்லமாட்டேன், காவலர் அண்ணன்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.