சிவப்பு ஒயிலக் கண்டவுடன ஸ்டியரிங் ரெக்க மாத்தாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன மாசம் உங்கட பத்திரிகைய நான் காருக்குக் கீழ விரிச்சன், கோவிக்க வேணாம், வாசிச்சு முடிச்ச பிறகுதான் விரிச்சன். அந்த ஒரு தாள் கண்டுபிடிச்சத ஒரு கராஜ் கண்டுபிடிக்கல்ல, அந்தக் கதையச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாப் போனா எங்கயாவது வெட்டுங்க, ஒயில் விசயத்த மட்டும் வெட்டாதீங்க.

என்னட்ட இருக்கிறது 1997ம் ஆண்டு டொயோட்டா கொரோலா, நாங்க 110 எண்டு சொல்ற மொடல், ஓட்டோ கியர். 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டி, திரும்ப 2025 பெப்ரவரியிலதான் தனியார் வாகனத்துக்கு விட்டாங்க, விட்ட பிறகும் அந்த விலையப் பாத்தா என்னப் போல பென்சன்காரன் பழசக் கட்டிப் பிடிச்சுக் கொண்டு இருக்கிறதத் தவிர வேற வழியில்ல. நீங்க என்னண்டா புதுக் கார் படத்த முழுப்பக்கத்துக்குப் போடுறீங்க. எங்கட திருகோணமலையில, உப்புவெளியிலயும் நிலாவெளி ரோட்டிலயும் ஓடுற வாகனத்தில பாதி என்ட காரின்ட வயசுதான், அதுகளுக்கும் ஒரு மூலை குடுத்தா என்ன?

விசயத்துக்கு வாறன். ஒரு நாள் காலம கார வெளிய எடுத்தா சீமெந்துத் தரையில சிவப்பா ஒயில், ஒரு ரூவாக் குத்தியளவுக்கு. டவுனில ஒரு கராஜுக்குக் கொண்டு போனன், பேர் சொல்லல்ல, சொல்லி என்ன வரப்போகுது. பொனட்டத் துறந்து ஒரு நிமிசம் பாத்திட்டு "பவர் ஸ்டியரிங் ரெக் போயிட்டு அண்ணை, மாத்தோணும்" எண்டாங்க. ரெக் எண்டா ஸ்டியரிங்கத் திருப்பக்க முன் சில்லு ரெண்டையும் திருப்புற குறுக்குத் தண்டு. சிவப்பு ஒயில் எண்டா பவர் ஸ்டியரிங்தானே எண்டு நானும் தலையாட்டினன். கொழும்பு பஞ்சிகாவத்தையில, பழைய சாமான் கடையில இருந்து பாவிச்ச ரெக் ஒண்டு எடுப்பிச்சு, கூலியும் குடுத்து, ஒரு லட்சத்துக்குக் கிட்ட முடிஞ்சுது. சரியா ரெண்டு கிழமை, திரும்பவும் அதே இடத்தில அதே சிவப்பு. இந்த முற "பம்பும் போயிட்டு போல" எண்டாங்க பாருங்க, அப்பத்தான் எனக்கு மூளை வேல செஞ்சுது.

இதில இருக்கிற மாயம் என்னெண்டா, என்ட கார் மாதிரிப் பழைய டொயோட்டாவில பவர் ஸ்டியரிங்குக்கு ஊத்துறதும் ஓட்டோ கியர் பொக்ஸுக்கு ஊத்துறதும் ஒரே சாதி ஒயில்தான், டெக்ஸ்ரன் எண்டு வாறது, ரெண்டும் சிவப்பு. நிறத்த வச்சு இது ஸ்டியரிங் எண்டு ஆரும் சத்தியம் பண்ண ஏலாது. (ஹொண்டாக்காரர் இதப் பாத்து டெக்ஸ்ரன ஊத்திப் போடாதீங்க, அதுக்கு ஹொண்டாவின்ட ஒயில்தான். ப்ரேக் ஒயில ஒருத்தரும் எந்த ஸ்டியரிங்குக்கும் ஊத்தக் கூடாது, சீல், அதான் ஒயில் கசியாமப் பிடிக்கிற ரப்பர் வளையம், எல்லாம் ஊதிப் பழுதாப் போயிரும்.)

அண்டைக்கு ராத்திரி காரின்ட அடியத் துணியால நல்லாத் துடைச்சு, உங்கட பேப்பர நாலு தாள் முன் சில்லு ரெண்டுக்கும் இடையில விரிச்சன், எந்தப் பக்கம் சாரதி பக்கம் எண்டு பேனையால குறிச்சும் வச்சன். பவர் ஸ்டியரிங் டாங்கியில ஒயில் நிண்ட மட்டத்துக்கு மார்க்கர் பேனையால ஒரு கோடு. ஒரு கிழம இதே வேல, மனிசி பேசின பேச்சு தனிக்கதை. ஏழு நாளும் சொட்டு இடது பக்கத்தில, விளையாட்டுப் பக்கத்துக்கு மேலேயே விழுந்திருக்கு. டாங்கி கோட்டில இருந்து ஒரு மயிரிழை இறங்கல்ல.

இந்தக் காரில ஸ்டியரிங் பம்ப், பெல்ட் எல்லாம் வலது பக்கம், கியர் பொக்ஸ் இடது பக்கம். ஆனா பக்கத்த மட்டும் வச்சு முடிவெடுக்கவும் கூடாது, ஏனெண்டா ரெக்கின்ட இடது நுனியும் அந்தப் பக்கம்தான் இருக்கு. அதுக்குத்தான் கோடு. சொட்டு விழுது, டாங்கி குறையல்ல எண்டா ஒயில் வேற இடத்தில இருந்து வருது, அவ்வளவுதான் கணக்கு. பிறகு கார மட்டமான இடத்தில விட்டு, கொஞ்ச தூரம் ஓடிச் சூடான பிறகு, எஞ்சின் ஓட ஓட கியர் பொக்ஸ் டிப் ஸ்டிக்க இழுத்துப் பாத்தன், குறைஞ்சுதான் கிடந்துது.

கிண்ணியாவில பழகின நானா ஒருத்தர் இருக்கிறார், மெக்கானிக். 2009ல பாலம் துறக்க முதல் எண்டா பாதையில, அதான் வாகனம் ஏத்துற மிதவையில, ஏத்தித்தான் கார அக்கரைக்குக் கொண்டு போகோணும், இப்ப அரை மணித்தியாலத்தில போயிட்டன். அவர் ஒயிலப் பத்திக் கேக்கவே இல்ல, "சேர், கந்தளாய்ப் பக்கத்தில இருந்து வரக்க 60ல அக்சிலேட்டர அமத்தினா வண்டி நடுங்குதா, கால எடுத்தா நிக்குதா?" எண்டு கேட்டார். எனக்குப் பேயறைஞ்ச மாதிரி. நடுங்குதுதான், நான் டயர் எண்டு நினைச்சு ரெண்டு தரம் பாலன்ஸ் பண்ணிட்டன்.

ஜக் அடிச்சு ஸ்டாண்டில நிப்பாட்டிப் போட்டு அடியில படுத்து இடது எக்ஸல, அதான் கியர் பொக்ஸில இருந்து சில்லுக்குப் போற தண்ட, கையால பிடிச்சு மேல கீழ ஆட்டிக் காட்டினார், கியர் பொக்ஸுக்குள்ள போற உள் ஜொயின்ட் நல்லாத் தேஞ்சு அசையுது, அத மூடின ரப்பர் பூட் கிழிஞ்சு கிறீஸ் சுத்திவர விசிறி அடிச்சிருக்கு. அந்த ஜொயின்ட் ஆடி ஆடி கியர் பொக்ஸ் வாயில இருக்கிற சீலத் தின்னுட்டு, அதால கசிவு. சீலுக்குள்ள ஓடுற தண்டில விரல் நகத்த வச்சு இழுத்தா தடக்குற மாதிரிப் பள்ளம் விழுந்திருக்கு. "சீல மட்டும் மாத்தினா ரெண்டு மாசத்தில திரும்ப வருவீங்க சேர்" எண்டார். எக்ஸலும் சீலும் மாத்தினன், ரெக்குக்குக் குடுத்ததில கால்வாசி கூட வரல்ல. முதல் கராஜில சண்ட பிடிச்சு வாங்கி வச்சிருந்த பழைய ரெக்க அவரிட்டக் காட்டினன், ரெண்டு பக்க ரப்பர் பூட்டையும் கழட்டினா உள்ள காஞ்ச தூசி. ஒயில் வாசமே இல்ல. சீல் போன ரெக் எண்டா அந்தப் பூட்ட அமத்தினவுடன ஒயில் வழியோணுமாம்.

எக்ஸலுக்கு எண்டு சத்தம் வேற வேற. வெளி ஜொயின்ட் தேஞ்சா ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு மெல்ல அமத்தக்க டக் டக் டக் எண்டு அடிக்கும். உள் ஜொயின்ட் எண்டா என்னுடையது மாதிரி, நேர் ரோட்டில அமத்தக்க நடுக்கம். அமத்தினாலும் விட்டாலும் ஒரே மாதிரி ஊங் எண்டு இரைஞ்சு, வேகம் கூடக் கூடக் கூடுதெண்டா அது சில்லுப் பெயரிங்கா இருக்கும், எக்ஸலில கைய வைக்க வேணாம்.

உண்மையிலேயே பவர் ஸ்டியரிங் கசிஞ்சா டாங்கி குறையும், திருப்பக்க பம்ப் முனகும், ஒயிலில நுரை தெரியும். அப்பவும் உடன ரெக் இல்ல. முதல் டாங்கியில இருந்து இறங்குற ஹோஸின்ட கிளிப்பப் பாருங்க, சில நேரம் நூறு ரூவாக் கிளிப்போட முடிஞ்சிரும். பிறகு பம்பில இருந்து போற பிரசர் ஹோஸ், ரப்பரும் இரும்பும் சேர்ற கழுத்து. எங்கட ஊரில இரும்புப் பைப்பக் கட்டாயம் பாக்கோணும், கடல்காத்து உப்பு அதத் தின்னும், சாம்பல்தீவுப் பக்கத்துச் சிநேகிதர் ஒருத்தரின்ட பைப் தொட்டவுடன கையோட வந்திட்டு. ஒருத்தர் ஸ்டியரிங்க இந்த அந்தம் அந்த அந்தம் திருப்ப, மற்றவர் டோர்ச் அடிச்சுப் பாக்கோணும், ஆனா அந்தத்தில ரெண்டு மூணு செக்கனுக்கு மேல பிடிச்சு வச்சிருக்கக் கூடாது, பிரசர் உச்சத்தில நிக்கும், நல்ல பம்பும் பழுதாகும். எங்கட முகத்துக்குப் போடுற பவுடரத் துடைச்ச இடத்தில தூவி விட்டா ஈரம் எங்க தொடங்குதெண்டு அப்பட்டமாத் தெரியும். ஒயில் கீழ வழியும், ஓட்டத்தில காத்துக்குப் பின்னால பரவும், அதால ஆக மேலயும் முன்னாலயும் நனைஞ்ச இடம்தான் குற்றவாளி. போத்தலில விக்கிற கசிவு நிப்பாட்டி மருந்து சீலக் கொஞ்ச நாளைக்கு ஊத வைக்கும், எனக்கு அதில நம்பிக்கையில்ல.

கராஜ்காரர் எல்லாரையும் நான் குத்தம் சொல்லல்ல. வெயிலில கிடந்து பாடுபடுற பொடியன்கள். ஆனா காசு கேக்க முதல் "வாங்கண்ணை, இந்தா இதில இருந்துதான் வருது" எண்டு விரல வச்சுக் காட்டோணும், கழட்டின சாமானக் கேக்காமலே கையில தரோணும். காட்ட ஏலாட்டி கார எடுத்துக் கொண்டு வீட்ட வாங்க, ஒரு கிழம பேப்பர் விரிச்சுப் பாக்கிறதால ஒண்டும் குடி முழுகாது. டாங்கி சடாரெண்டு இறங்கினா, அல்லது ஒயில் சைலன்சர் பைப்பில விழுந்து புகை வந்தா மட்டும் ஓடாதீங்க, அது நெருப்பு விசயம்.

நேற்றுப் பின்னேரம் டவுனுக்குப் போயிட்டு வந்து பழக்க தோசத்தில திரும்பவும் உங்கட பேப்பர விரிச்சன். கொஞ்ச நேரத்தால பாத்தா ஆசிரியர் தலையங்கத்தில பெரிய ஈரம், நெஞ்சு பக்கெண்டிட்டு. தொட்டு மணந்து பாத்தன், ஏசித் தண்ணி.

இப்படிக்கு,
பழைய கொரோலாக்காரன்,
உப்புவெளி, திருகோணமலை.