பிள்ளையை ஒருத்தி இடுப்பில் கொடுக்கும் முன்

மண்டபம்,
ஏப்ரல் 2.

அன்புச் சிநேகிதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு எட்டு மாதம் முடிந்து தவழ ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததில் மனம் நிறைந்துவிட்டது. உன் மகளுக்கு மண்டபத்துப் பள்ளிக்கே மாறுதல் கிடைத்தது அதைவிடச் சந்தோஷம். இங்கே வெயில் ஏறிவிட்டது. இன்னும் பதிமூன்று நாளில் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகாது. கரையில் பாதி வீடுகளில் வருமானம் நின்றுபோகும். இதை ஊர்ச் செய்தியாக மட்டும் எழுதவில்லை. நீ கேட்ட கேள்விக்குப் பதிலே இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பிள்ளை பார்க்க நம்பிக்கையான ஒரு அம்மா கிடைப்பாளா என்று கேட்டிருக்கிறாய். கிடைப்பாள். ஆனால் ஆள் எப்படி என்று ஊரெல்லாம் விசாரிக்கிறவர்கள், வேலை எது, எத்தனை மணி நேரம், லீவு எப்போது, சம்பளம் எந்தத் தேதி என்பதை அவளிடம் பேசி முடிப்பதில்லை. "நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி வச்சுக்குவோம்" என்று சொல்லிவிட்டால் எல்லாம் பேசியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மூன்றாம் மாதம் அவள் சொல்லாமல் நின்றுவிட்டால் "நன்றி இல்லாதவள்" என்கிறார்கள். இந்தக் கரையில் முறிந்துபோன ஏற்பாடுகளைப் பார்த்தவரை, ஆளின் குணத்தால் முறிந்தது குறைவு. முதல் நாளே பேசாமல் விட்டதால் முறிந்ததுதான் அதிகம்.

முதலில் சம்பளம். மொத்தமாக ஒரு தொகை சொல்லாதே, மணிக்கணக்கு போட்டுப் பார். மகள் காலை 8 மணிக்குக் கிளம்பி மாலை 5 மணிக்கு வீடு திரும்புவாள் என்றால் 9 மணி நேரம். வாரம் ஆறு நாள், மாதம் 26 நாள். ஆக 234 மணி. மணிக்கு 40 ரூபாய் என்று வைத்தால் 9,360. இந்த 40 கணக்குக்காகச் சொல்வது. உங்கள் தெருவில் இரண்டு மூன்று வீட்டில் என்ன தருகிறார்கள் என்று கேட்டு அதற்குக் குறையாமல் வை. ஒரு நாள் கூலி 9,360-ஐ 26-ஆல் வகுத்தால் 360. இங்கேதான் பல வீடுகளில் தெரிந்தோ தெரியாமலோ ஒரு தவறு நடக்கிறது. லீவுக்குப் பிடிக்கும்போது 26-ஆல் வகுத்து 360 பிடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூடுதலாகக் கூப்பிட்டால் 30-ஆல் வகுத்து 312 கொடுக்கிறார்கள். ஒரு நாளைக்கு 48 ரூபாய் அவளுக்கு நஷ்டம். அவள் வாய் திறந்து சொல்லமாட்டாள், ஆனால் கணக்கு அவளுக்குத் தெரியும். இரண்டுக்கும் 26 என்று எழுதி வை.

மாலையில் அரை மணி தாமதமாவதும் அப்படித்தான். மாதத்தில் பத்து நாள் அரை மணி என்றால் 5 மணி நேரம், 200 ரூபாய். பணத்தைவிட, அவளுக்கு 5.15 பஸ் போய்விட்டால் அடுத்த பஸ் வரும்வரை அவள் வீட்டுப் பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்திருக்கும். பாம்பனிலிருந்து வருகிறவளாக இருந்தால் பாலத்தையும் சேர்த்து யோசி. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிற நாளிலும், ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களிலும் ராமேஸ்வரம் சாலையில் பஸ் நேரத்துக்கு வராது. அந்த நாட்களில் தாமதத்துக்குக் கோபப்பட்டுப் பயனில்லை. நடந்து வருகிற தூரத்தில் ஆள் கிடைத்தால் நூறு இருநூறு கூடக் கொடுத்தாலும் அதுதான் லாபம்.

உன் மகள் ஆசிரியை என்பதால் இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். மே மாதம் பள்ளி விடுமுறை. "நான்தான் வீட்டில் இருக்கேனே, நீ ஜூன்ல வா" என்று சொல்லி மே மாதச் சம்பளத்தை நிறுத்துவது ஆசிரியர் வீடுகளில் வழக்கமாகவே ஆகிவிட்டது. அவள் வீட்டில் புருஷன் படகு கட்டி நிற்கிற மாதமும் அதேதான். வேறு வழியில்லாமல் கருவாடு காயப்போடவோ, இறால் உரிக்கவோ போய்விடுவாள். பள்ளி திறக்கும்போது உன் மகளுக்கு ஆள் இருக்கமாட்டாள். மே மாதம் பாதி நாள் வரச்சொல்லிப் பாதிச் சம்பளம் கொடுக்கலாம். முடிந்தால் முழுச் சம்பளமே கொடுக்கலாம். எது என்பதை வேலைக்குச் சேர்க்கும்போதே சொல்லிவிட வேண்டும். உங்கள் விஷயத்தில் இந்த மே இன்னும் நல்லது: பழக்குவதற்கு அதுதான் சரியான மாதம்.

பழக்குவதைப் பற்றிச் சொல்கிறேன். எட்டு மாதத்தில் பிள்ளைக்கு ஆள் அடையாளம் தெரிந்து, புது முகம் கண்டால் அழும். பத்து மாதத்தில் அது இன்னும் முற்றும். ஜூன் முதல் நாள் புது ஆள் கையில் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினால் பிள்ளையும் அழும், தாயும் அழுவாள், வந்தவளும் பயந்துபோவாள். மே கடைசி இரண்டு வாரம் ஒதுக்கு. முதல் மூன்று நாள் மகள் எல்லாம் செய்யட்டும், அவள் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். அடுத்த மூன்று நாள் அவள் ஊட்டிக் குளிப்பாட்டட்டும், மகள் பார்க்கட்டும். அப்புறம் மகள் ஒரு மணி நேரம் வெளியே போகட்டும், பிறகு மூன்று மணி நேரம், பிறகு அரை நாள். ஒளிந்துகொண்டு போகக் கூடாது. சொல்லிவிட்டு, கையசைத்துவிட்டுப் போக வேண்டும். அழுதாலும் அம்மா திரும்பி வருவாள் என்பது பிள்ளைக்குப் பதியும். இந்த நாட்களுக்கும் கூலி உண்டு. "பழகிப் பார்க்கிறதுக்கு என்ன கூலி" என்று யாராவது சொன்னால் கேட்காதே.

வேலை என்ன என்பதில் ஒரு கோடு போட்டுக்கொள். பிள்ளைக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, பிள்ளையின் துணி, பால் கிண்ணம், கஞ்சி, விளையாட்டுச் சாமான் எல்லாம் அவள் வேலை. வீடு பெருக்குவது, பாத்திரம், மீன் கழுவுவது சேராது. சேர்க்க வேண்டும் என்றால் பிள்ளை தூங்குகிற நேரத்துக்குள் முடிகிற ஒரே ஒரு வேலையைச் சேர்த்து, அதற்கும் கூலி பேசு.

எல்லாவற்றையும்விட முக்கியம், தண்ணீர் பிடிக்கிற வேலையை அவள் தலையில் கட்டாதே. நம் கரையில் குழாயில் தண்ணீர் வருகிற நேரம் என்றால் வீடே பரபரப்பாகிவிடும். அந்த அரை மணியை விட்டால் அடுத்து எப்போது என்று தெரியாது. பிள்ளையை ஒரு இடுப்பில் வைத்துக்கொண்டு மறு கையால் குடத்தை நகர்த்துவாள், முடியாதபோது பிள்ளையைத் தரையில் இறக்கிவிடுவாள். பக்கத்திலேயே பாதி நிரம்பிய வாளி, மூடி திறந்த பிளாஸ்டிக் டிரம். தவழ்கிற பிள்ளைக்கு உடம்பைவிடத் தலை கனம். வாளியைப் பிடித்து எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தால் தலைகீழாகச் சரியும், திரும்ப எழுந்திருக்க அதற்குத் தெரியாது. ஒரு சாண் தண்ணீர் போதும். சத்தம்கூட வராது. அதனால் தண்ணீருக்குத் தனி ஆள் வை, இல்லாவிட்டால் மருமகன் பிடிக்கட்டும். டிரம்முக்கு இறுக்கமான மூடி, தரைத்தொட்டிக்குப் பூட்டு, வேலை முடிந்த வாளியெல்லாம் கவிழ்த்து வைக்க வேண்டும். அவள் வருமுன்னே இதை நீங்கள் செய்து வைக்க வேண்டியது, அவளிடம் எதிர்பார்க்க வேண்டியதல்ல.

இரண்டாவது தூளி. மதுரையில் உனக்குத் தெரியாதது ஒன்று இங்கே உண்டு: உப்புக் காற்று. உத்திரத்துக் கொக்கியும் சங்கிலியும் இரும்பாக இருந்தால் துரு ஏறி உள்ளுக்குள் அரிக்கும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், கொக்கி வளைகிற இடத்தில் மட்டும் பொரிந்திருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கி வாங்கி மாட்டு. வாரம் ஒருமுறை பெரியவர்கள் யாராவது இரண்டு கையாலும் தொங்கி இழுத்துப் பார்க்க வேண்டும். சேலை பழைய பருத்தியாக, இற்றுப் போகாததாக இருக்கட்டும். விரிப்புக் கம்பு போட்டால் துணி முகத்தில் மூடாது. தூளியின் அடி தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், கீழே மெத்தை இருக்கட்டும். உன் பேத்தி எழுந்து உட்கார ஆரம்பித்துவிட்டாள் என்றால் தூளியில் தனியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகவே கூடாது. பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துப் பழக்குவதுதான் நல்லது.

தாய்ப்பால் எடுத்து வைத்துவிட்டுப் போகிறதாக இருந்தால், 25 டிகிரி வெப்பத்தில் 4 மணி நேரம் வெளியே இருக்கலாம் என்பது கணக்கு. நம் ஊரில் கோடையில் அடுப்படி எங்கே 25 டிகிரியில் இருக்கிறது? எடுத்த உடனே பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும், அங்கே 4 நாள் வரை தாங்கும். கிண்ணத்துச் சுடுதண்ணீரில் வைத்துச் சூடேற்ற வேண்டும், அடுப்பில் நேரடியாக வைக்கக் கூடாது. பிள்ளை குடித்து மீந்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் கொட்டிவிட வேண்டும். "தாய்ப்பாலைக் கொட்டுறதா" என்று அவள் மனசு கேட்காது, அதனால் காரணத்தையும் சொல்லிக் கொடு. மீன் கொடுக்கிற வயது வந்துவிட்டது. சூடை மாதிரி பொடி முள் மீன் வேண்டாம். பெரிய மீனின் சதையை விரலால் நசுக்கிப் பார்த்து ஊட்டச் சொல். நிலக்கடலை, முறுக்கு, நார் நிறைந்த பனங்கிழங்கு எதுவும் கைக்கு எட்டக் கூடாது. வயதான அம்மாவாக இருந்தால் அன்பினால் வசம்பு உரசிக் கொடுப்பாள், தேன் தொட்டு நாக்கில் வைப்பாள். பிள்ளை வளர்ப்பான் என்றே வசம்புக்குப் பெயர் வைத்த ஊர் நம் ஊர், அவளைத் திட்டாதே. ஒரு வயது வரை தேன் ஆகாது, வசம்பும் வேண்டாம், மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம் என்று முதல் நாளே மரியாதையாகச் சொல்லிவிடு.

காய்ச்சல் மருந்தில்தான் எனக்குப் பயம் அதிகம். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லியில் 120 அல்லது 125, சிலதில் 250. 8 கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 15 வீதம் 120 மில்லிகிராம். சொட்டு மருந்தில் அது 1.2 மில்லி, 120 சிரப்பில் 5 மில்லி. இரண்டு பாட்டிலும் அலமாரியில் ஒன்றாக இருந்து, சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தில் 5 மில்லி கொடுத்தால் 500 மில்லிகிராம், நாலு மடங்குக்கும் மேல். வீட்டில் ஒரே ஒரு பாட்டில்தான் இருக்க வேண்டும். டாக்டர் சொன்ன அளவை அதனுடன் வருகிற மூடியிலோ குழலிலோ நெயில் பாலிஷால் கோடு போட்டு வை. மகளுக்குப் போன் செய்யாமல் ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் அப்படித்தான்: பெரியது 1 லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை ஒரு தம்ளரில் கரைப்பது சாதாரணமாக நடக்கிற தவறு, உப்பு கூடிப்போய்ப் பிள்ளைக்கு ஆபத்து. 108 எண்ணையும் பக்கத்து வீட்டு எண்ணையும் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டு.

முன்பணம் கேட்பாள், தடைக்காலத்தில் கட்டாயம் கேட்பாள். கொடு, ஆனால் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போகாதே. 6,000 கொடுத்தால் மாதம் 1,000 வீதம் ஆறு மாதம் பிடி. ஒரேயடியாகப் பாதிச் சம்பளத்தைப் பிடித்தால் அவள் மறுபடி கடன் வாங்குவாள். இதையும் மனதில் வை: கடனைக் காட்டி "தீர்த்துட்டுப் போ" என்று ஒருத்தியை நிறுத்தி வைப்பது கொத்தடிமை. 1976-லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. அவள் வேலையை விட நினைத்தால் விடட்டும், பாக்கியைப் பிறகு பேசிக்கொள்ளலாம். சம்பளம் மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள், அவள் கையில் அல்லது அவள் பெயரில் உள்ள கணக்கில். புருஷன் வந்து கேட்டால் கொடுக்காதே.

லீவை முன்கூட்டியே காலண்டரில் குறித்துவிடு. கிறிஸ்தவப் பெண்ணாக இருந்தால் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போவாள். இஸ்லாமியப் பெண் நோன்பு மாதத்தில் சீக்கிரம் வந்து சீக்கிரம் போகக் கேட்பாள், ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு நாள் வேண்டும். இந்துப் பெண் முளைப்பாரிக்குக் கட்டாயம் ஊருக்குப் போவாள். கடல்பாசி எடுக்கப் போகிறவளா என்றும் கேட்டுக்கொள். கடல் நீர் உள்வாங்குகிற வற்றம் பார்த்து அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடலில் இறங்குகிறவளால் மாதம் முழுக்க வர முடியாது, அது அவள் குறை இல்லை. வார லீவு போக வருஷத்துக்குப் பன்னிரண்டு நாளாவது சம்பளத்தோடு லீவு, தீபாவளிக்கோ பெருநாளுக்கோ கிறிஸ்துமஸுக்கோ ஒரு மாதச் சம்பளம். அவளுக்குக் காய்ச்சல் என்றால் வரவேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள். காய்ச்சலோடு வருகிறவள் சம்பளம் போய்விடுமே என்று பயந்துதான் வருகிறாள். அந்த நாளுக்கு மாற்று ஆள் யார் என்பதை இப்போதே யோசித்து வை. பால்வாடியை நம்ப முடியாது, அங்கே சேர்க்க இரண்டு வயது ஆக வேண்டும்.

சின்னப் பெண் ஒருத்தியை, சொந்தக்காரப் பிள்ளை, பள்ளிக்கூடம் போகவில்லை, விளையாட்டுத் துணைக்கு இருப்பாள் என்று யாராவது கூட்டி வந்தால் வேண்டவே வேண்டாம். 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்பது சட்டம். 18 ஆகாதவள் கையில் கைக்குழந்தையைக் கொடுக்கவே கூடாது என்பது என் முடிவு. அந்தப் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்ப வழி கேட்டால் 1098-க்கு அழைக்கலாம்.

வீட்டில் கேமரா வைப்பதாக மருமகன் சொன்னதாக எழுதியிருந்தாய். வைக்கட்டும், ஆனால் எங்கே இருக்கிறது என்று அவளுக்குக் காட்டிவிட்டு வைக்கட்டும். அவள் உடை மாற்றுகிற, ஓய்வெடுக்கிற அறையில் கூடாது. அவளும் பிள்ளை படத்தை ஸ்டேட்டஸில் போடக் கூடாது, நீங்களும் அவள் படத்தைப் போடக் கூடாது.

சொல்லாமல் விட மனமில்லாத ஒன்று. மதியம் உங்கள் வீட்டில் என்ன சாப்பாடோ அதுவே அவளுக்கும், அதே தட்டில், அதே தம்ளரில். தனித் தம்ளர் ஜன்னலில் கவிழ்த்து வைத்திருக்கிற வீடுகள் இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கின்றன. பிள்ளை அவள் இடுப்பில் இருக்கலாம், அவள் விரலைச் சப்பலாம், அவள் பிசைந்த சோற்றைத் தின்னலாம், அவள் மட்டும் தம்ளரைத் தொடக் கூடாதா? உன் வீட்டில் அப்படி நடக்காது என்று தெரியும். சம்பந்தி வீட்டார் வந்து தங்கும்போது நடக்காமல் பார்த்துக்கொள்.

பேசியதை ஒரு நோட்டில் ஒரு பக்கத்துக்குத் தமிழில் எழுதி, படித்துக் காட்டி, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி. நிற்பதானாலும் நிறுத்துவதானாலும் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்பது அதில் இருக்கட்டும். வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-லிருந்து நல வாரியம் இருக்கிறது. அவள் பதிவு செய்யவில்லை என்றால் ராமநாதபுரம் தொழிலாளர் அலுவலகத்துக்கு மகள் ஒருநாள் கூடப் போய்வரட்டும்.

எனக்குத் தெரிந்த இரண்டு பேரிடம் பேசி வைக்கிறேன். ஏப்ரல் கடைசியில் நீயும் மகளும் மருமகனும் சேர்ந்தே வாருங்கள், பேசும்போது மூவரும் இருக்க வேண்டும். கொக்கி இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். வரும்போது தூளிக்கு உன்னுடைய பழைய சுங்குடிச் சேலை இரண்டு எடுத்து வா, பேத்திக்கு உன் வாசம் பழகினதாக இருக்கும்.

அன்புடன்,
உன் சிநேகிதி