ஆரல்வாய்மொழிக் காற்றுக்குப் பழைய எந்திரங்கள் போதாது

மின்துறை அமைச்சர் அவர்களுக்கும், தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழக அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று எவ்வளவு வேகத்தில் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். காற்று மின்சாரத்துக்கு இவ்வளவு தோதான இடம் நாட்டில் அதிகம் இல்லை. அந்த இடத்தை இன்றும் அடைத்துக்கொண்டு நிற்பவை மாநிலத்தின் மிகப் பழைய, மிகச் சிறிய காற்றாலைகள்.

1986-இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் அரசு சோதனைக் காற்றாலைகளை நிறுவியது. அப்புறம் தொண்ணூறுகளில் வருமான வரியில் முழுத் தேய்மானக் கழிவு (எந்திரத்தின் விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே வருமானத்தில் கழித்துக்கொள்ளும் சலுகை) கிடைத்தபோது, மில்காரர்கள் கணவாயை ஒட்டிய முப்பந்தலுக்கு வந்து 225, 250 கிலோவாட் எந்திரங்களை நட்டார்கள். அன்றைக்கு அது துணிச்சலான முதலீடு. காற்று மின்சாரத்தில் தமிழ்நாட்டை இந்தியாவில் முதலிடத்துக்குக் கொண்டுவந்ததும் அதுதான். ஆனால் இன்றைக்கு விற்பனையில் இருக்கும் ஒரு 3 மெகாவாட் காற்றாலை, அப்படிப்பட்ட பன்னிரண்டு எந்திரங்களுக்குச் சமம். கோபுரமும் மூன்று மடங்கு உயரம். மேலே போகப் போகக் காற்று வேகமாகவும் சீராகவும் வீசும். வேகம் இரட்டித்தால் அதிலிருக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும். முதலிடம் குஜராத்துக்குப் போய்விட்டதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. நம் தலைக்கு மேலே வீசிப் போகும் காற்றுக்குப் பதிலாக, ஒடிசாவின் தால்சரில் வெட்டி, பாரதீப்பிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரும் நிலக்கரியை எரிக்கிறோமே, அதுதான் வருத்தம்.

2024-இல் நீங்கள் பழைய காற்றாலைகளை மாற்றவும் ஆயுளை நீட்டிக்கவும் ஒரு கொள்கை கொண்டுவந்தீர்கள். நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் அதன்படி தாங்கள் கட்ட வேண்டிய வளர்ச்சிக் கட்டணங்களைப் பார்த்த உரிமையாளர்கள் நீதிமன்றப் படியேறினார்கள்.

அவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று நீங்கள் யோசிக்க வேண்டும். பழைய எந்திரத்துக்கு ஓராண்டு பேங்கிங் உண்டு. ஆடியில் உற்பத்தியான யூனிட்டை மின்வாரியத்தின் கணக்கில் விட்டுவைத்து, காற்றில்லாத மாசியில் மில்லுக்கு எடுத்துக்கொள்ளலாம். 2018 ஏப்ரலுக்குப் பிறகு நிறுவியவற்றுக்கு அந்த வசதி இல்லை. அப்படியானால், ஓடுகிற வரை ஓடட்டும் என்று பழையதையே வைத்திருப்பதுதானே லாபம்? வாரியத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. காற்றுப் பருவத்தில் தேவைக்கு மேல் வரும் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, விலை ஏறிக் கிடக்கும் கோடையில் திருப்பிக் கொடுப்பது நஷ்டம்தான். சரி, அந்த நஷ்டத்தைக் கணக்கிட்டு வெளிப்படையாகச் சொல்லுங்கள். மாற்ற முன்வருகிறவருக்கு, பழைய எந்திரம் தந்துவந்த அளவு யூனிட்டுக்கு மட்டுமாவது சில ஆண்டுகள் பேங்கிங் தொடரட்டும். கூடுதலாக வருவதை நியாயமான விலைக்கு வாரியமே வாங்கட்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் நிலம். பெரிய காற்றாலைகளுக்கு நடுவே பல நூறு மீட்டர் இடைவெளி வேண்டும். முப்பந்தலிலோ அந்தப் பரப்பில் ஆளுக்கு ஒன்று, இரண்டு என்று பத்துப் பன்னிரண்டு பேர் எந்திரம் வைத்திருக்கிறார்கள். ஒருவர் சம்மதித்து இன்னொருவர் மறுத்தால் எதுவும் நடக்காது. தனியார் தரகர்களை நம்பி இதை விடாதீர்கள். ஒரு துணைமின் நிலையத்தோடு இணைந்த உரிமையாளர்களை எல்லாம் பங்குதாரர்களாகச் சேர்த்து ஒரே நிறுவனமாக்கும் பொறுப்பைப் பசுமை எரிசக்திக் கழகம் எடுத்துக்கொள்ளட்டும். ஆளுக்கு எவ்வளவு மின்சாரம் வந்துகொண்டிருந்தது என்ற கணக்கு பல வருடங்களுக்கு உங்களிடமே இருக்கிறது. பங்கு பிரிக்க அது போதும்.

கூடவே மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பியும், சேமித்துவைக்கும் வசதியும் வளர வேண்டும். பருவத்தில் மின்சாரத்தை ஏற்க வழியில்லை என்று காற்றாலையை நிறுத்தச் சொன்னால், புதிய எந்திரத்துக்கு வங்கி எப்படிக் கடன் தரும்? மிச்ச மின்சாரத்தால் தண்ணீரை மேலேற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையத்தைக் காடம்பாறையில் எண்பதுகளிலேயே கட்டி முடித்த மாநிலம் இது. அதே வகையிலான, நீலகிரியின் 500 மெகாவாட் குந்தா திட்டத்தில் மட்டும் ஏன் இத்தனை ஆண்டுத் தாமதம் என்று மக்களுக்கு விளக்கம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. கழற்றப்படும் இறக்கைகள் கண்ணாடியிழையால் ஆனவை, மண்ணில் மக்காதவை. அவை பணகுடி, ராதாபுரம் ஓடைகளிலும் குளத்துக் கரைகளிலும் வந்து குவியக் கூடாது. அவற்றை யார் எடுத்துப் போக வேண்டும், எங்கே கொண்டுபோய் அழிக்க வேண்டும், செலவு யாருடையது என்பதை, அந்தக் கொள்கையைத் திருத்தி வெளியிடும் அரசாணையிலேயே எழுதி, கையெழுத்தாகும் முன் எங்கள் ஊராட்சிகளின் கிராம சபைகளில் வையுங்கள்.

இப்படிக்கு,
ஆரல்வாய்மொழிப் பகுதி மின் நுகர்வோர் ஒருவர்