எந்த ரசாயனமும் மிஞ்சாதாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் விவசாயப் பக்கத்தில் கழிவுநீர்க் கசட்டை எருவாகப் போடுவது பற்றிய கட்டுரை படித்தேன். யூரியாவுக்கு வரிசையில் நிற்கிற காலத்தில் நல்ல விஷயம்தானே என்று படித்துக்கொண்டே வந்தால், நடுவில் ஒரு வரி: "செரிப்பான் கலனிலிருந்து வரும் கசட்டில் எந்த ரசாயனமும் மிஞ்சுவதில்லை." எழுதியவர் அந்தக் கலனை, அதாவது கசட்டைக் காற்றில்லாமல் மட்கவைக்கும் மூடிய தொட்டியை, எட்டி நின்றாவது பார்த்திருப்பாரா?

நான் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மாதிரி எடுப்போம், 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து பி.ஓ.டி. பார்ப்போம், அதாவது அழுக்கைத் தின்ன கிருமிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று. அப்புறம் அதையே ரசாயன முறையில் அளக்கும் சி.ஓ.டி., மலக்கழிவைக் காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியா. எல்லாம் ரெஜிஸ்டரில் ஏறும். ஆனால் நம் உடம்பிலிருந்தும் மாத்திரைகளிலிருந்தும் சாக்கடைக்கு வரும் ஹார்மோனுக்கு அந்த ரெஜிஸ்டரில் கட்டமே கிடையாது. 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் குப்பை உரத்துக்குக்கூட காட்மியம் கிலோவுக்கு 5 மில்லிகிராம், ஈயம் 100 என்றெல்லாம் வரம்பு உண்டு, ஹார்மோனுக்கு இல்லை. வரம்பு இல்லை, அதனால் சோதனை இல்லை, அதனால் பாஸ். அளந்தே பார்க்காததை 'இல்லை' என்று அச்சடிக்க உங்கள் நிருபருக்கு இருக்கும் தைரியம் எங்கள் அதிகாரிகளுக்கே இருந்ததில்லை.

மனித உடம்பு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை வீரியம் அடக்கித்தான் வெளியே அனுப்புகிறது. சாக்கடையில் இருக்கும் பாக்டீரியா அதை மறுபடி வீரியத்தோடு அவிழ்த்துவிடுகிறது. காற்றடிக்கும் தொட்டியில் அதன் ஒரு வகையான எஸ்ட்ராடியால் சீக்கிரம் எஸ்ட்ரோன் என்ற இன்னொரு வகையாக மாறும், பிறகு மெல்ல உடையும். கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினைல் எஸ்ட்ராடியால் என்ற செயற்கை ஹார்மோன் அத்தனை லேசில் உடையாது. கணிசமான பங்கு கசட்டில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கசடு காற்றே இல்லாத செரிப்பானுக்குப் போகிறது. அங்கே மீத்தேன் வரும், நாற்றம் குறையும், கசட்டின் அளவும் குறையும். மாத்திரை ஹார்மோன் பெரும்பாலும் அப்படியே உட்கார்ந்திருக்கும். சில சோப்புத் திரவங்களில் வருகிற நோனைல்பீனால் எத்தாக்சிலேட் என்ற ரசாயனம் இன்னும் மோசம். செரிப்பானில் அரைகுறையாக உடைந்து நோனைல்பீனாலாகச் சேரும். அதுவும் உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜன் வேலையைத்தான் பார்க்கும்.

துளியூண்டுதானே என்பீர்கள். கனடாவில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஓர் ஏரியில் 2001 முதல் 2003 வரை லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம் (ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு) அளவில் இதே மாத்திரை ஹார்மோனைக் கலந்து பார்த்தார்கள். ஆண் மீன்களின் உடம்பில் முட்டைக்கருவுக்கான புரதம் ஊறியது. ஃபாட்ஹெட் மின்னோ என்ற சின்ன மீன் அந்த ஏரியில் கிட்டத்தட்ட அற்றே போனது. சுவிட்சர்லாந்துக்காரர்கள் கசட்டை வயலில் போடுவதையே தடை செய்துவிட்டார்கள். அவர்களுக்கு மட்டும் எரு கசக்கிறதா?

கத்தரிக்காய் தின்றால் மீசை முளைக்காது என்று வாட்ஸ்அப் பாணியில் பயமுறுத்த நான் வரவில்லை. ஐப்பசி மழைக்கு வயல் தண்ணீர் எந்த ஏரிக்கு வழிகிறது என்பதுதான் என் கவலை.

அப்புறம் அந்தப் படம்! கசடு காயும் படுகையில், வெடிப்புகளுக்கு நடுவே தக்காளிச் செடி தானாக முளைத்து நிற்கிறது. கீழே 'வளத்துக்குச் சாட்சி' என்று குறிப்பு. ஐயா, அந்த விதை எந்த வழியாக அங்கே வந்தது என்று நான் வேறு சொல்ல வேண்டுமா? குடல், சாக்கடை, தொட்டி எல்லாம் கடந்து ஒரு விதையே உயிரோடு வந்து சேர்கிறது. எல்லாம் அழிந்துவிட்டது என்பதற்கா அதைச் சாட்சிக்குக் கூப்பிடுவது?

இது இன்று தொடங்கியதல்ல. செப்டிக் டேங்க் லாரிகள் இரவில் எங்கள் ஏரி மதகோரம் கொட்டிவிட்டுப் போவதைப் பற்றி முன்பு இரண்டு பக்கம் எழுதினேன். நான்கு வரியாக வெட்டி, 'தெருவிளக்கு எரியவில்லை'க்குக் கீழே போட்டீர்கள். அதே இதழில் அடுக்குமாடி விளம்பரம் மட்டும் முழுப்பக்கம், 'நூறு சதவீத மறுசுழற்சி' என்று. சரி, பத்திரிகையும் நடக்க வேண்டுமே.

ஆனால் இப்போது விஷயம் என் வீட்டுக்குள் வந்துவிட்டது. அக்கா மகன் கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு இரண்டு லோடு கசடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறான். "பேப்பர்லயே போட்டுட்டாங்க மாமா" என்கிறான். இத்தனை வருஷம் ஆய்வகத்தில் நின்றவன் சொல் எடுபடவில்லை, உங்கள் ஒரு வரி எடுபடுகிறது.

ஆகவே, நான் கேட்பது இரண்டே வரி. அந்தக் கசட்டை நேராக வயலில் இறக்க வேண்டாம். வைக்கோலோ சருகோ கலந்து குவித்து, காற்றுப் பட அடிக்கடி புரட்டி, சில மாதம் மக்கவிட்டால் இயற்கை ஹார்மோனும் நோனைல்பீனாலும் பெருமளவு உடையும், மாத்திரை ஹார்மோன் மட்டும் பிடிவாதம் பிடிக்கும் என்று போடுங்கள். ஏரி, வாய்க்கால் ஓரத்து நிலங்களுக்கு வேண்டவே வேண்டாம் என்றும் சேருங்கள். தெருவிளக்குக்குக் கீழே அல்ல, அதே விவசாயப் பக்கத்தில். லோடு வருகிற வியாழனுக்குள் வந்தால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக ஊழியர்,
செங்கல்பட்டு மாவட்டம்