லயத்துப் பிள்ளைகளின் ஆராய்ச்சிப் படிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் அக்கா வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறார்; குடியிருப்பது லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அவர் மகள் வேதியியலில் எம்.எஸ்சி. முடித்து, பிஎச்.டி.க்கு விண்ணப்பித்திருக்கிறாள். சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், பட்டியல் சாதிகளுக்கான ஆணை வெளியான 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் கேரளாவில் இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். லயத்தில் பிறந்து லயத்திலேயே செத்தவர்களுக்குப் பட்டா ஏது? தாத்தாவின் மஞ்சளேறிய சம்பளச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு மூன்று தடவை அலைந்துவிட்டாள்.

ஆராய்ச்சி மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023-இலிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய். நல்ல தொகைதான், ஆனால் மாதாமாதம் வந்தால்தானே விடுதிக் கட்டணம் கட்ட முடியும்? அப்புறம், தோட்டத்துப் பழைய பதிவேடுகளையே ஆதாரமாக ஏற்று, தாசில்தார் தோட்டங்களுக்கே வந்து முகாம் நடத்த வேண்டும். சேர்க்கைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.

- ஒரு வாசகர், பீர்மேடு, இடுக்கி மாவட்டம்