அப்பா விற்றது லாட்டரி, நான் விற்பது டைமண்ட்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மொபைல் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ், டெம்பர்டு கிளாஸ், சார்ஜர், ஜெராக்ஸ் என்று ஓடுகிற கடை. இதே இடத்தில் என் அப்பா லாட்டரிச் சீட்டு விற்றார். சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் சீட்டுகளை மாட்டித் தொங்கவிட்டிருப்பார். காற்றடித்தால் மொத்தமும் படபடக்கும். 2003 ஜனவரியில் தமிழ்நாடு அரசு லாட்டரியைத் தடை செய்தது, ஒரே நாளில் கயிறு காலியானது. அப்பா கொஞ்ச நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் எஸ்டிடி பூத், அப்புறம் ரீசார்ஜ் கூப்பன், அப்புறம் நான். அந்தக் கயிற்றைக் கட்டிய ஆணிகள் இன்னும் சுவரில்தான் இருக்கின்றன, இப்போது அதில் சார்ஜர் கேபிள் தொங்குகிறது.

இந்தப் பழங்கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்பா விற்ற அதே சரக்கைத்தான் இப்போது நான் விற்கிறேன். ஒரு வித்தியாசம், அப்பாவிடம் வாங்கியவர்கள் மீசை வைத்தவர்கள், என்னிடம் வாங்குகிறவர்கள் பள்ளிக்கூட யூனிபார்மில் வருகிறார்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போனில் விளையாடும் துப்பாக்கிச் சண்டை கேம்கள் இலவசம். உள்ளே போனால்தான் கடை. அங்கே ரூபாய் செல்லாது, ‘டைமண்ட்’ வேண்டும், வேறு கேமில் அதற்கு வேறு பெயர். பையன் கடைக்கு வந்து அவன் ஐடி நம்பரைச் சொல்வான், நான் என் போனிலிருந்து டாப்-அப் போட்டுக் கொடுப்பேன். நூறு டைமண்ட் 80 ரூபாய், நான் 90 வாங்குவேன். அந்த டைமண்டைக் கொண்டு அவன் கேமில் ஆடும் பொம்மைக்கு நேராகச் சட்டையோ துப்பாக்கிக்கு மேல் பூச்சோ வாங்கினால் கூடப் பரவாயில்லை. ஆனால் நல்ல சாமானை யாரும் நேராக விற்பதில்லை. சக்கரம் சுற்ற வேண்டும், இல்லை பெட்டி திறக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கும் என்று பணம் போன பிறகுதான் தெரியும்.

என் பாட்டி பணத்துக்கே சக்கரம் என்றுதான் சொல்வார், திருவிதாங்கூர் காலத்துப் பழக்கம். இப்போது உயிரோடு இருந்தால் பேரப்பிள்ளைகள் சக்கரம் கொடுத்துச் சக்கரம் சுற்றுவதைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாரோ.

ஒரு சக்கரத்தின் கணக்கை ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையனோடு உட்கார்ந்து பேப்பரில் எழுதிப் பார்த்தேன். எட்டுப் பொருள், ஒருமுறை விழுந்தது மறுபடி விழாது. முதல் சுற்று 9 டைமண்ட். அடுத்தது 19, பிறகு 39, 69, 99, 149, 199, கடைசிச் சுற்று 499. எட்டும் சேர்த்தால் 1,082. அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு சிவப்புச் சட்டை, அது இரண்டாவது சுற்றிலும் விழலாம், எட்டாவதிலும் விழலாம். என் கடையில் டைமண்ட் நூறு நூறாகத்தான், அப்போது 1,100 வாங்கியாக வேண்டும், 990 ரூபாய். மிச்சம் 18 டைமண்ட் கணக்கில் சும்மா கிடக்கும், அடுத்த வாரம் புதுச் சக்கரம் வரும்போது ‘ஏற்கெனவே 18 இருக்கே அண்ணா’ என்று வந்து நிற்பதற்கு அது போதும். ஒன்பதில் ஆரம்பித்து 499-க்கு ஏறுகிற இந்த ஏணியைப் போட்டவன் சாமானியப்பட்டவன் இல்லை. அஞ்சு சுற்று சுற்றிவிட்டு விட மனசு வருமா? போட்ட காசு போய்விடுமே என்று ஆறாவது சுற்றுவான். சீட்டாட்டத்தில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் தவித்தவர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

இந்தச் சக்கரத்திலாவது எட்டாவது சுற்றில் சட்டை நிச்சயம். பெட்டியில் அதுவும் கிடையாது, நூறு திறந்தாலும் வராமல் போகலாம்.

சரி, அந்தப் பையனோடு நான் ஏன் கணக்குப் போட உட்கார்ந்தேன்? அவன் அம்மா கடைக்கு வந்ததால். அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில் வேலை பார்க்கிறவர். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போனை நீட்டி, ‘அண்ணா, இதுல வந்திருக்கது உங்க கடைப் பேருதானே’ என்றார். என் கடைப் பெயர்தான், 90, 90, 180, 90 என்று மூன்று வாரத்தில் 2,340 ரூபாய். பையனுக்கு எப்படி பின் நம்பர் தெரிந்தது என்று கேட்டால், அவர்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அண்டித் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு அவர் விரலில் ரேகையே இல்லை, ரேஷன் கடை மெஷினே இரண்டு மூன்று தடவை துடைத்து வைத்தால்தான் எடுக்குமாம், போன் எங்கே எடுக்கும். கேஸ் புக் பண்ண, கரண்ட் பில் கட்ட எல்லாவற்றுக்கும் மகன்தான் கை.

‘பைசா போச்சு, சரி. சாமான் எங்க?’ என்று கேட்டார். பையன் தயங்கித் தயங்கி கேமைத் திறந்து காட்டினான். ஒரு பொம்மை சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஆடுகிறது. அந்த அம்மா கறுத்துப்போன விரலால் திரையைத் தொட்டார், பொம்மை ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்றது. ‘இதையா?’ என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. 2,340-இல் என் பங்கு 260 ரூபாய். எடுத்துக் கொடுத்தேன், எண்ணி வாங்கிக்கொண்டு போனார். பையனைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

குழித்துறை கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் நண்பனிடம் இதைச் சொல்லி, ‘இது சூதாட்டம் இல்லையா’ என்று கேட்டேன். ‘ஜெயித்தால் காசு வருமா?’ என்று திருப்பிக் கேட்டான். வராது என்றேன். ‘அப்ப கம்பெனிக்காரன் சூதாட்டம் இல்லை என்பான்’ என்றான். எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. லாட்டரியில் ஆயிரத்தில் ஒருவனுக்காவது பணம் திரும்பி வந்தது, அதனால் அது சூதாட்டம். இதில் யாருக்குமே ஒரு பைசா திரும்பாது, அதனால் இது பொழுதுபோக்கு! ஏமாற்று முழுமையாக இருந்தால் சட்டம் தொடாது என்பது போலல்லவா இருக்கிறது இந்த வாதம்.

அதோடு காசு வராது என்பதும் முழு உண்மை இல்லை. நல்ல நல்ல சட்டை, துப்பாக்கி சேர்ந்த ஐடியை அப்படியே விற்கிறார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டு விலை பேசுவதை என் கடை வாசலில் நின்றே செய்கிறார்கள். கேம் கம்பெனி விதிப்படி கூடாதுதான். கூடாது என்பதால் நடக்காமலா இருக்கிறது?

ஆன்லைன் ரம்மியைப் பற்றி பத்திரிகைகள் நிறைய எழுதின, நல்லது. 2022-இல் நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கை, ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க அவசரச் சட்டம், மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்பியது, 2023 மார்ச்சில் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி ஏப்ரலில் சட்டமானது, எல்லாம் தெரிந்த கதை. அந்த நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு, அவற்றுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று சொன்னது. 2025 பிப்ரவரியில் நம் ஆன்லைன் விளையாட்டு ஆணையம் விதி போட்டது: காசு கட்டி விளையாட 18 வயது வேண்டும், ஆதார் காட்ட வேண்டும், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது. கம்பெனிகள் எதிர்த்துப் போனார்கள், ஜூனில் கோர்ட் அந்த விதிகள் சரிதான் என்றது. அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டையே நாடு முழுக்கத் தடை செய்து சட்டம் போட்டது.

இத்தனைக்கும் நடுவில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ராத்திரி ஒரு மணிக்குப் போர்வைக்குள் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறான். சம்பாதிக்கிற ஆளுக்கு ஆதாரும் நேரக் கட்டுப்பாடும் வைத்தோம், இவனிடம் யாரும் வயதைக் கேட்கவில்லை. கேமில் பிறந்த தேதி கேட்கும், உண்மைதான், 1990 என்று போடுவான். அந்த வருஷம் அவன் அம்மா பள்ளிக்கூடத்துக்கே போயிருக்க மாட்டார்.

புதுச் சட்டம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த வக்கீல் நண்பனே சட்டப் புத்தகத்தை எடுத்துக் காட்டினான். தமிழ்நாட்டுச் சட்டத்தில் வாய்ப்பு விளையாட்டு, அதாவது அதிர்ஷ்டத்தை நம்பி ஆடுவது எது என்று சொல்லும் இடத்தில் சீட்டு, பகடை, அதோடு சக்கரமும் வருகிறது, எது விழும் என்று தெரியாதபடி முடிவைத் தருகிற கருவி எதுவானாலும் சேரும் என்கிற மாதிரி. சக்கரம் என்ற சொல்லே இருக்கிறது ஐயா! மத்தியச் சட்டமும் காசு கொடுத்து வாங்கிய காயின், டோக்கன் போன்றவற்றைப் பந்தயப் பணமாகத்தான் கணக்கில் எடுக்கிறது. பொழுதுபோக்கு கேம் சந்தா வாங்கலாம், ஒருமுறை நுழைவுக் கட்டணம் வாங்கலாம், பந்தயம் வாங்கக் கூடாது என்கிறது. சக்கரம் சுற்ற 9 டைமண்ட் என்பது சந்தாவா, நுழைவுக் கட்டணமா? எனக்குத் தெரிந்து இரண்டும் இல்லை. ஆனால் பரிசாகக் கிடைக்கும் சட்டையை ஆதாயம் என்று சொல்லலாமா என்பதில்தான் வாதம் நிற்கும், அதை யாராவது ஒருவர் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றான் நண்பன்.

வெளிநாட்டில் சொல்லியிருக்கிறார்கள். பெல்ஜியத்தில் 2018 ஏப்ரலில் அவர்களுடைய சூதாட்ட ஆணையம் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டி சூதாட்டம்தான் என்றது, பழைய சட்டத்தை வைத்தே. அடுத்த ஜனவரியில் ஃபிஃபா என்ற கால்பந்து கேமில் பெட்டி வாங்கும் பாயின்ட்டை அந்த நாட்டுக்காரர்களுக்கு விற்பதையே கம்பெனி நிறுத்தியது. ஜப்பான் 2012-லேயே, பெட்டியில் வரும் பொருள்களைச் செட்டாகச் சேர்த்தால் பரிசு என்ற வகையை ஒழித்தது. சீனாவில் 2017 முதல் எத்தனைக்கு எத்தனை விழும் என்று வெளியிட வேண்டும், தென் கொரியாவில் 2024 முதல். எல்லா இடத்திலும் வெற்றி என்றும் சொல்ல முடியாது. நெதர்லாந்தில் அதே ஃபிஃபா கம்பெனிக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டார்கள், 2022-இல் உயர்ந்த நிர்வாக நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

விகிதம் போட்டிருக்கிறோமே என்று கம்பெனிகள் சொல்லலாம். ஆப்பிளும் கூகுளும் ஆப் வைக்க வேண்டும் என்றால் விகிதம் காட்டு என்று விதி வைத்திருக்கின்றன. நானும் அந்தப் பையனும் தேடினோம், ஒரு பெட்டிக்குக் கிடைத்தது. மூலையில் ஒரு சின்ன வட்டம், அதைத் தொட்டால் ஆங்கிலத்தில் ஒரு பட்டியல், கீழே கீழே தள்ளிக்கொண்டே போனால் அவன் ஆசைப்பட்டது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. அவன் அதுவரை அந்த வட்டத்தைத் தொட்டதே இல்லை. சுற்று என்ற பட்டன் மட்டும் கட்டைவிரல் அளவுக்கு மின்னிக்கொண்டிருந்தது.

லாட்டரிக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை, அப்பாவின் கயிற்றால் எத்தனை வீட்டில் அடுப்பு அணைந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் களியக்காவிளை தாண்டிப் பாறசாலைப் பக்கம் போய்க் கேரளச் சீட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். 1968 ஜனவரி 26-இல் ஒரு ரூபாய்ச் சீட்டுக்கு ஐம்பதாயிரம் பரிசு என்று முதல் குலுக்கல் நடத்திய லாட்டரி அது. எத்தனை பரிசு, எவ்வளவு தொகை என்று சீட்டிலேயே அச்சடித்திருக்கும். குலுக்கலை ஆள் முன்னால் நடத்துகிறார்கள், முடிவு மறுநாள் பேப்பரில் வருகிறது. எந்தச் சீட்டுக் கட்டு எந்தக் கடைக்குப் போனது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. போனுக்குள் சுற்றும் சக்கரம் எந்த ஊரில், யார் முன்னால் சுற்றுகிறது? எனக்கு ஒரு விதமாகவும் பக்கத்தில் நிற்பவனுக்கு வேறு விதமாகவும் சுற்றினால் யார் கண்டார்கள்.

அதனால் நான் கேட்பது கொஞ்சம்தான். சக்கரமும் பெட்டியும் வாய்ப்பு விளையாட்டா இல்லையா என்று ஆணையம் எழுத்தில் சொல்லட்டும். ஆமாம் என்றால் ரம்மிக்குப் போட்ட அதே வயதுக் கட்டுப்பாடும் நேரக் கட்டுப்பாடும் இதற்கும் வரட்டும், விகிதம் அந்தச் சுற்று பட்டனுக்கு மேலேயே தமிழில், ரூபாய்க் கணக்கில் இருக்கட்டும். என்னைப் போன்ற கடைக்காரர்கள் சின்னப் பிள்ளைகளுக்கு டாப்-அப் போட்டால் அபராதம் என்று வந்தாலும் சந்தோஷமே.

அந்த சனிக்கிழமைக்குப் பிறகு நான் யூனிபார்மில் வருகிறவர்களுக்கு டைமண்ட் போடுவதில்லை. பெரிய தியாகம் ஒன்றும் இல்லை, பையன்கள் யூனிபார்மை மாற்றிக்கொண்டு வருகிறார்கள், இல்லை என்றால் நாலு கடை தள்ளிப் போகிறார்கள். அந்தக் கடைக்காரர் என் கூடப் படித்தவர்தான். ‘நீ ஒருத்தன் நிறுத்தினா நின்னுருமா மக்கா?’ என்று சிரிக்கிறார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆணையம் ஒரு வரி பதில் போட்டால் என் கடை ஜெராக்ஸ் மெஷினில் இரண்டு காப்பி எடுத்து, ஒன்றை அப்பாவின் ஆணியில் மாட்டுவேன், இன்னொன்றை அந்தக் கடைக்காரரிடம் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு ரீசார்ஜ் கடைக்காரர்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.